ரோஸ்விதா மூடிய மேற்குச் சுவர்

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஜன்னல்களை விரியத் திறந்து காற்று வாங்குகிற வீட்டில் சுவர் எப்படி அழுகும்? அந்தக் குளிர்காலத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரியாமல் முழித்திருப்பேன். எங்கள் மலையூரான ஏர்லன்ரோடில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னலைச் சரியாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். திறக்கிறார்கள் என்று சொன்னாலும் அதே பதில்தான் வந்தது.

ரோஸ்விதா க்ரெப்ஸ் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. பனி உறைந்த மலைச்சாலையில் எதிரே லாரி வந்தால் பின்னால் போகவேண்டியது லாரிதான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவருடைய கணவர் ஓட்மார் கருங்கல் குவாரியில் தூசியைச் சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். அந்தப் படம் அவருக்கு மனப்பாடம். இன்னொரு நிமோனியாவை இவர் தாங்கமாட்டார், ஈரமில்லாத கதகதப்பான அறையில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடு ஓட்மாரின் குடும்ப வீடு. ஓக் மரச்சட்டங்களை நிறுத்தி, நடுவிலுள்ள கட்டங்களைக் குச்சியும் களிமண்ணும் வைத்து அடைத்துக் கட்டியது. அதன் மேற்கு முகப்பு சந்தைச் சதுக்கத்தைப் பார்த்து நிற்கும். சிவப்புச் சட்டம், வெள்ளைக் கட்டம், உச்சியில் கையையும் காலையும் விரித்து நிற்கிற ஆளைப்போல் குறுக்குக் கட்டைகள். அதைக் காட்டு மனிதன் என்போம். சுற்றுலா வருகிறவர்கள் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் படம் பிடிப்பார்கள். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் பேக்கரி வைத்திருக்கும் ஃபோல்க்மார் தன் ரொட்டிப் பைகளில் அந்த முகப்பையே அச்சடித்திருந்தார். அவர்தான் ஊர் அழகு சங்கத்தின் தலைவரும்.

வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவின் விலை ஏறிய வருடம் ஓட்மாரின் தம்பி ஹைனர் உதவிக்கு வந்தார். புதுக் கட்டடங்களில் உள்சுவர் வேலை செய்கிறவர் அவர், தன் வேலையில் கெட்டிக்காரர். மேற்கு அறையின் சுவருக்கு உள்பக்கம் குளிர் புகாமலிருக்க ஒரு கை கனத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பளி வைத்தார். அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஜிப்சம் பலகை, அதன்மேல் வெள்ளை. கூலி வாங்கவில்லை. அண்ணனுக்காகச் செய்தது.

தம்பி உள்ளே வேலை செய்யும்போது அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? எங்கள் ஊர் ஆண்களுக்குச் சனிக்கிழமையானால் சிலிகான் பசைத் துப்பாக்கியைத் தூக்கியாக வேண்டும். எங்கே இடுக்கு தெரிந்தாலும் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஹைனர் போட்டுத் தந்த சாரத்தில் மெல்ல ஏறி, படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, முகப்பில் மரத்துக்கும் சுவர்க் கட்டத்துக்கும் நடுவே இருந்த ஒவ்வொரு கீறலையும் ஓட்மார் சிலிகானால் அடைத்தார். ஈர விரலால் வழித்துவிட்டார். கீழிருந்து பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

முதல் குளிர்காலம் சுகமாகப் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அறையில் நனைந்த நாய் படுத்திருந்த மூலைபோல ஒரு வாடை வந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஓட்மாரின் இருமல் இறங்கி மார்பில் உட்கார்ந்துகொண்டது.

அப்போது ஆரம்பித்தது அந்தக் கேள்வி. ஹைனர் கேட்டார், காற்றோட்டமாக வைக்கிறாயா என்று. தபால்காரப் பெண் கேட்டாள். மருந்துக்கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்கள். சுவரைச் சோதிக்க ஒரு ஆள் வந்தார், கையடக்கக் கருவியைச் சுவரில் வைத்து எடுத்தார், துணியை வீட்டுக்குள்ளேயா காயப்போடுகிறீர்கள், எத்தனை பூந்தொட்டி இருக்கிறது, ஐயா குளிக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று விசாரித்தார். சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குடியிருப்பவர்களின் பழக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரோஸ்விதா இன்னும் அதிகமாகத் திறந்தார். இருவரும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து காலை ரொட்டி சாப்பிட்டார்கள். வெண்ணெய் கத்தியில் ஒட்டாமல் உடைந்தது. ஓட்மார் இருமினார், ரோஸ்விதா திறந்தார், சுவர் கறுத்தது.

ஒரு நாள் பேருந்தில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்கம்மா சொன்னாங்க, நீங்க ஜன்னலே திறக்க மாட்டீங்களாமே" என்றான். அன்று மாலை ரோஸ்விதா வீட்டுக்கு வந்து பழைய படுக்கை விரிப்பை எடுத்து, வாகனத்துக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்டால் எழுதி, காட்டு மனிதனுக்குக் கீழே ஜன்னலிலிருந்து தொங்கவிட்டார். 'இந்த வீட்டில் ஜன்னல் திறக்கிறோம். இனி யாரும் கேட்க வேண்டாம்.'

மறுநாளே ஃபோல்க்மார் மாவுக் கையோடு வந்து நின்றார்.

"ரோஸ்விதா, அதை இறக்கிடு. ஜனங்க படம் எடுக்கிறாங்க."

"எடுக்கட்டும். இப்பத்தான் முதல் தடவையா அந்தச் சுவர் உண்மை பேசுது."

"கிறிஸ்துமஸ் சந்தை வருது. ஊரோட முகம் இது."

"அப்ப ஊரே வந்து இருமட்டும். இங்க ஒரு ஆளு மட்டும் இருமிக்கிட்டிருக்காரு."

விரிப்பு சந்தை முடியும்வரை தொங்கியது.

ஹைனருக்கு இது அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தபோது ஒரு யோசனையோடு வந்தார். மாவட்டத் தலைநகரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் முதியோருக்கான வீடுகள் இருக்கின்றன, லிஃப்ட் உண்டு, தரையிலேயே சூடு வரும், அண்ணன் பெயரைப் பதிந்துவிட்டேன், ஒன்று காலியானால் கூப்பிடுவார்கள் என்றார். இந்த வீட்டை விற்றுவிடலாம். ஓட்மார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயே பிறந்து, இங்கேயே பெற்றோரைப் பறிகொடுத்த மனிதர் அவர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூச்சில்லை.

ரோஸ்விதா பிளம் கேக்கை வெட்டி எல்லோருக்கும் வைத்தார். பிறகு எழுந்து போய்ப் பேருந்தின் கருவிப் பெட்டியிலிருந்து கடப்பாரை ஒன்றை எடுத்து வந்தார்.

"என்ன பண்ணப்போற, ரோஸி?" என்றார் ஹைனர்.

"காத்தோட்டம் போதலைன்னியே. உன் சுவருக்குள்ள கொஞ்சம் காத்து விட்டுப் பாப்போம்."

ஜிப்சம் பலகை அழுத்தியதும் பிஸ்கட்போல் உடைந்தது. பிளாஸ்டிக் தாளின் உள்முகத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. கம்பளியைப் பிடித்து இழுத்தார். தரை துடைத்த துணியைப்போலக் கனத்து வந்து தரையில் சொத்தென்று விழுந்தது. பின்னால் ஓக் சட்டம் கறுத்திருந்தது. கடப்பாரை முனையை மெல்ல வைத்தார். ஊறின கேக்கில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

சுவர் ஒரே சீராக நனைந்திருக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது ஹைனர்தான். மரத்துக்கும் களிமண்ணுக்கும் இடையிலிருந்த ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் கோடு கோடாக ஈரம் வழிந்து, அடிச்சட்டத்தில் போய்த் தேங்கியிருந்தது. இது மூச்சிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வந்த ஈரம் மட்டுமில்லை, மழை என்றார் அவர். எங்கள் ஊரில் மழை மேலிருந்து பெய்வதைவிட மேற்கிலிருந்து பெய்வதுதான் அதிகம். சாரல் சுவரை அறையும். ஆனால் இடுக்கைத்தான் அடைத்தாயிற்றே என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து பார்த்தார். சுருங்கிப்போன மரத்தை ஒட்டி, வெளியே அடைத்த சிலிகான் ஒரு பக்கம் விட்டுப் பிரிந்து, நூல்போல வெளிச்சம் தெரிந்தது. மற்றெல்லா இடத்திலும் கெட்டியாக இருந்தது. தண்ணீர் உள்ளே வர நூல் இடைவெளி போதும். வெளியே போகத்தான் வழி இல்லை. வெளியே சிலிகான், உள்ளே பிளாஸ்டிக்.

"வெளிய வச்சது நான்" என்றார் ஓட்மார்.

"உள்ள வச்சது நான்" என்றார் ஹைனர்.

"அப்போ ஜன்னலைத் திறக்கலைன்னு இனிமே யாரும் என்கிட்ட வரக்கூடாது" என்றார் ரோஸ்விதா. உட்கார்ந்து தன் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்.

அன்று அவருக்கு அது வெற்றி. ஆனால் ஓட்மார் அதற்குப்பின் மாறிவிட்டார். வீட்டைக் கெடுத்தது தன் கைதான் என்பதை அவரால் செரிக்க முடியவில்லை. அந்த அடுக்குமாடிக்கே போய்விடலாம், இதை யாராவது விவரம் தெரிந்தவர் வாங்கட்டும் என்று இப்போது அவரே சொல்லத் தொடங்கினார். ஹைனரோடு சண்டை போடலாம், ஃபோல்க்மாரோடு போடலாம். தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற கணவரோடு எப்படிப் போடுவது? ரோஸ்விதா இரண்டு படுக்கைகளையும் கிழக்கு அறைக்கு மாற்றினார். மேற்கு அறையின் சுவர் முழுவதையும் உரித்துப் போட்டார். பிறகு பக்கத்து ஊர்த் தச்சர் யூட்டாவைக் கூட்டி வந்தார்.

யூட்டா நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். சுவரைத் தட்டினார், முகர்ந்தார், உளியால் சுரண்டினார். "ரெயின்கோட்டை வீட்டுக்கு உள்பக்கம் போட்டிருக்கீங்க" என்றார். பிறகு வெளியே ஏணி வைத்து ஏறிச் சிலிகானைக் கத்தியால் கீறி எடுக்க ஆரம்பித்தார். ரோஸ்விதா இன்னொரு ஏணியில் ஏறி மறுபக்கத்திலிருந்து கீறினார். அப்போதுதான் சட்டங்களில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகள் அவர் கண்ணில் பட்டன. வரிசை வரிசையாக, துரு ஓரத்தோடு, பெயின்டால் மூடப்பட்ட ஆணி ஓட்டைகள். பூச்சி அரித்தது வரிசையாக இருக்காது.

கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓட்மாரிடம் கேட்டார்.

"இந்தச் சுவர்மேல ஸ்லேட் கல் ஓடு இருந்துச்சு" என்றார் ஓட்மார், யோசித்துக்கொண்டே. "நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப. ஊருக்கு எழுநூறு வருஷம்னு விழா வந்துச்சு. அழகான மரத்தை எதுக்கு மூடி வச்சிருக்கீங்கன்னு சங்கம் வந்து கேட்டுச்சு. அத்தனையும் பிடுங்கினோம். நான்தான் தள்ளுவண்டியில அள்ளிட்டுப் போனேன். சந்தோஷமா."

சதுக்கத்தில் மேற்கு பார்த்த வீடு அது ஒன்றுதான். அதைக் கட்டியவர்கள் காட்டு மனிதனைச் செதுக்கி நிறுத்தியிருந்தாலும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சாரலைப் பார்த்துப் பயந்து அவன்மேல் கல் ஓடு போர்த்தியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் விழாவுக்காக உரித்துவிட்டார்கள்.

மறுபடி போர்த்துவது என்று ரோஸ்விதா அங்கேயே, ஏணியிலேயே, முடிவு செய்தார்.

பழைய சின்னங்களைக் காக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முகப்பைக் கெடுக்கவா என்று முதலில் முகம் சுளித்தார். ஆணி ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தபின், முன்பு இருந்ததைத் திரும்பப் போடுவதற்குத் தடை சொல்லமாட்டோம் என்றார். அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் ஊரில்தான் இருந்தது.

அழகு சங்கம் விடுதியின் பின்னறையில் கூடியது. கூட்டம் நிறைய. ஊரின் முகம் போய்விடும், சுற்றுலாப் பேருந்து நிற்காது, இன்றைக்கு இவர் மூடினால் நாளைக்கு எல்லோரும் மூடுவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். வீட்டுக்குள்ளே வேண்டுமானால் பிளாஸ்டிக்கை இரண்டு மடங்காகப் போடட்டுமே என்று ஒருவர் சொன்னார். சங்கம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு துரோகத்தைப் பார்த்ததில்லை என்று ஃபோல்க்மார் முடித்தார். அவருக்கும் வருத்தம் இருந்தது, நடிப்பில்லை. விழாவின்போது அந்த ஸ்லேட்டைப் பிடுங்கச் சொன்னது அவருடைய அப்பா.

ரோஸ்விதா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்திருந்தார். அதிலிருந்து கறுத்த கம்பளியை ஒரு கை அள்ளி, பீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார். மேசைமேல் பழுப்புத் தண்ணீர் ஓடிற்று. எல்லோரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"நீங்க பாக்குறது முன்பக்கம். இது பின்பக்கம்" என்றார். "ஃபோல்க்மார், என் சுவரைப் பையில போட்டு ரொட்டி விக்கிற. வித்துக்கோ, நான் ஒண்ணும் கேக்கலை. ஆனா அந்தச் சுவருக்குப் பின்னாடி என் புருஷன் மூச்சு விடுறாரு. உன் பைக்குள்ள ரொட்டிதான் இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபோல்க்மார் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பு வைத்தார்கள். ரோஸ்விதா தோற்றார், அதுவும் மோசமாக.

"நல்லது. எல்லாரும் கை தூக்கிட்டீங்க. திங்கக்கிழமை ஓடு வருது, இறக்கவும் அதே கையோட வாங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

யாரும் வரவில்லை, ஹைனரைத் தவிர. கூட்டத்தில் அவர் கை தூக்கவும் இல்லை, எழுந்து பேசவும் இல்லை, அதற்காக அண்ணி ஒரு வாரம் அவரை வறுத்தெடுத்தார். அவர் வாயைத் திறக்காமல் ஓடு இறக்கினார். யூட்டா அடிச்சட்டத்தின் அழுகிய பகுதியை அறுத்து எடுத்துவிட்டுப் புது ஓக் துண்டைப் பொருத்தினார். இடுக்குகளைச் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து மூடினார்கள். முகப்புக்கு முன்னால் சட்டம் அடித்து, பின்னால் காற்று ஏறி இறங்க இடம் விட்டு, அதன்மேல் ஸ்லேட்டை மீன் செதில்போல் வரிசையாக அறைந்தார்கள். கீழேயிருந்து மேலேவரை மூடுவதற்குள் காட்டு மனிதனைப் பார்க்க ஊர் முழுக்க வந்து நின்றது. ஓட்மாரும் நின்றார். கடைசிக் குறுக்குக் கட்டை மறையும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பாட்டுப் பாடவேண்டியதுதான் பாக்கி, செத்தவீடா இது என்று ரோஸ்விதா அவரை அதட்டினார்.

உள்பக்கம் தொடுவதற்கு யூட்டா கோடை முழுவதும் விடவில்லை. காயட்டும், காய்ந்தபின் பேசலாம் என்றார். ஊர் பேசிக்கொண்டே இருந்தது. பேக்கரியில் ரோஸ்விதா நின்றால் ரொட்டியைச் சுற்றித் தரும் பெண் கண்ணைப் பார்க்கமாட்டாள். ரோஸ்விதா கடையை மாற்றவில்லை. வேண்டுமென்றே தினம் போனார், உரக்கக் காலை வணக்கம் சொன்னார், பேருந்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கினார்.

இலையுதிர் காலம் வரும்போது சுவர் காய்ந்துவிட்டது. எவ்வளவு கனம் வைக்கலாம் என்று ரோஸ்விதா கேட்டார். ஹைனர் வைத்ததில் பாதி, மீதிக் குளிருக்கு ஸ்வெட்டர் என்றார் யூட்டா. நிறைய வைத்தால் அறைச்சூடு ஓக்கைத் தொடாது, மரம் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், குளிர்ந்த மரத்தில்தான் ஈரம் தங்கும் என்று விளக்கினார். இந்த முறை பிளாஸ்டிக் இல்லை. மேடுபள்ளமான சுவரைக் களிமண்ணால் சமன் செய்து, அது ஈரமாக இருக்கும்போதே மரநார்ப் பலகையை அதில் அழுத்தினார்கள். பின்னால் துளி இடைவெளியும் இருக்கக் கூடாது, இருந்தால் அறையின் ஈரக்காற்று அங்கே போய் ஒளிந்துகொண்டு தண்ணீராகும். பலகையின்மேல் மறுபடி களிமண் பூச்சு. அறையிலிருந்து ஈரம் கொஞ்சம் உள்ளே போகும், அறை உலர்ந்ததும் அதே வழியாகத் திரும்பி வந்துவிடும்.

களிமண்ணை மிதிக்க ஆள் தேவைப்பட்டது. ஹைனர் காலுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கினார். ஓட்மார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வைக்கோலைக் கத்தரித்து உள்ளே போட்டார்.

"நல்லா மிதி. இதுக்கும் கூலி கிடையாது" என்றார் அவர். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் கேலி அது.

நவம்பரில் மேற்கிலிருந்து புயல் வந்தது. ஓயாமல் அடித்தது. சாரல் ஸ்லேட்டில் பட்டுச் சடசடவென்று சதுக்கத்தில் சிதறியது. ஃபோல்க்மாருடைய கடைப் பலகை பறந்து போயிற்று. ரோஸ்விதா மழை நேரத்திலும் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார், மூடினார். அவர் அந்தப் பழக்கத்தை விட்டதே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது, ஈரமாக இல்லை. மூலையில் முழங்கால் போட்டு முகர்ந்தார். மண்ணும் வைக்கோலும்தான் மணத்தது. அன்று மாலையே படுக்கைகளை மேற்கு அறைக்கு இழுத்துப் போட்டார்.

புதுமாடி வீட்டைப்போல அந்த அறை சூடாக இருக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஓட்மார் இருமாமல் இல்லை, குவாரித் தூசி எங்கேயும் போகாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒருமுறைகூட மருத்துவமனைக்குப் போகவில்லை.

தை மாதக் குளிரில் தொலைபேசி அடித்தது. ரோஸ்விதா அப்போது பேருந்தில் இருந்தார். ஹைனர்தான் பக்கத்தில் இருந்து இதைச் சொன்னவர். அடுக்குமாடியில் வீடு ஒன்று காலியாகியிருக்கிறது, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே, இன்றைக்கே பதில் வேண்டும் என்றார்களாம். ஓட்மார் வாசலிலிருந்து நடந்து வந்து எடுத்ததால் மூச்சுக்காகக் கொஞ்சம் காத்திருந்திருக்கிறார். தம்பியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு, "வேற யாருக்காவது குடுங்க. நாங்க வரலை. இங்க சுவர் காஞ்சிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய மரச்சட்ட வீட்டில் குளிருக்குப் பயந்து சுவரை மூடப்போகிறவர் எங்கேயாவது இருப்பார். ஜன்னலைத் திறக்கவில்லை என்று பழி கேட்டு வாயடைத்து நிற்கிறவரும் இருப்பார். அவர்களுக்கு ரோஸ்விதாவைப் பற்றிச் சொல்லுங்கள். உள்ளே எதை வைப்பது என்று யோசிக்கும் முன்னால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.